பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியை நாம் அனைவரும் சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். கட்டுரைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் தீர விசாரிப்பது என்றால் என்ன, அதை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்பதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு கணிப்பொறி. அதுவும் கையால் தொட முடியாத, வேறொரு கணிப்பொறிக்குள்ளே குடியிருந்த கணிப்பொறி! அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

என் தந்தை எங்கள் ஊரில் ஒரு சிறிய அச்சகம் நடத்தி வருகிறார். திருமண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவையே பெரும்பாலும் வரும் வேலைகள். இவற்றை அமைக்கப் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளையே இன்னமும் பயன்படுத்துகிறார்கள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001 ஆம் ஆண்டில். அதாவது நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்னர். புதிய மென்பொருள்கள் எத்தனையோ வந்துவிட்டனவே என்று நீங்கள் கேட்கலாம். அப்பா இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த அழைப்பிதழ் மாதிரிகளும், அவற்றுக்கான பழைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் சரியாகத் திறக்கின்றன. இன்று நாம் கைப்பேசியில் தட்டும் யூனிகோடு தமிழைப் பேஜ்மேக்கர் அறியாது.

அந்த மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி இருந்த பழைய கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கணிப்பொறி அடியோடு படுத்துவிட்டது. புதிதாக வாங்கியதில் விண்டோஸ் 11 இருந்தது. விற்ற கடையிலிருந்து வந்த தொழில்நுட்பக்காரர், “கவலை வேண்டாம் சார், உங்கள் எக்ஸ்பியைப் புதியதற்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினாக வைத்துத் தருகிறேன்” என்று சொல்லி, அப்படியே செய்தும் கொடுத்தார்.

விர்ச்சுவல் மெஷின், அதாவது மெய்நிகர் கணிப்பொறி என்பது என்ன? வீட்டுக்காரர் ஒருவர் தம் பெரிய வீட்டில் ஒரு பகுதியைத் தடுத்துக் குடித்தனம் விடுவதைப் போல, ஒரு கணிப்பொறி தன் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பகுதியை ஒதுக்கி இன்னொரு கணிப்பொறிக்கு இடம் கொடுக்கிறது. உள்ளே குடியிருக்கும் எக்ஸ்பிக்குத் தான் இருப்பது வாடகை வீடு என்பதே தெரியாது. தனக்கென்று ஒரு திரை, ஒரு வட்டு, ஒரு நெட்வொர்க் அட்டை உண்டு என்று அது நம்புகிறது. உண்மையில் அவை அனைத்தும் பாவனைப் பொருள்களே. இது நேற்று வந்த கண்டுபிடிப்பும் அன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967 ஆம் ஆண்டிலேயே ‘சிபி-40’ என்ற பெயரில் இம்முறையை நடத்திக் காட்டினர். 1972 இல் ‘விஎம்/370’ என்ற அமைப்பை அறிவித்தனர். 1999 இல் விஎம்வேர் நிறுவனம் இதைச் சாதாரண மேசைக் கணிப்பொறிக்கும் கொண்டுவந்தது. எங்கள் அச்சகத்தில் உள்ளது, 2007 ஆம் ஆண்டு முதல் கிடைத்து வரும் விர்ச்சுவல்பாக்ஸ்.

சில வாரங்கள் நன்றாகவே சென்றன. வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ்பி திடீரென்று அணைந்து, தானாகவே மறுபடியும் தொடங்கும். சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும். ஒரு நாள் ஒரு தடவை; மறுநாள் மூன்று தடவை. அழைப்பிதழ் கேட்டு வந்தவர்கள் வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள். முகூர்த்த நாள் யாருக்காகவும் தள்ளிப் போகாதல்லவா?

எங்கள் அச்சகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுத்து அமைக்கும் வேலை பார்ப்பவர் ஓர் அக்கா. அவருடைய சம்பளத்தில்தான் அவருடைய தாயாரின் மருந்துச் செலவும் தம்பியின் படிப்பும் நடக்கின்றன. கணிப்பொறிக்கு எதிரே எப்போதும் உட்கார்ந்திருப்பவர் அவர்தாம். ஆகவே எல்லோருடைய பார்வையும் அவர்மேல் விழுந்தது. “வீட்டிலிருந்து கொண்டு வரும் பென் டிரைவில் வைரஸ் இருந்திருக்கும்” என்றார் மெஷின்மேன். “கண்ட சாவியையும் அழுத்தினால் இப்படித்தான்” என்றார் பைண்டிங் பார்க்கும் பெரியவர். ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் அப்பாவே, “ஏம்மா, என்னதான் செய்கிறாய் அதை?” என்று சத்தம் போட்டுவிட்டார். “நான் ஒன்றும் செய்யவில்லை அண்ணாச்சி” என்று மட்டும் அக்கா சொன்னார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அன்றிரவு அப்பா அம்மாவிடம், “அடுத்த மாதம் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான்” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கு அப்போது கோடை விடுமுறை. மே மாதத்து வெயிலில் வெளியே போகவும் வழியில்லை. என் தாய்மாமா சென்னையில் ஓர் அலுவலகத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். அவருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாப்பா, முதலில் ஒரு நோட்டு எடு. எதையும் தொடாதே, எழுது. எத்தனை மணிக்கு விழுந்தது, அப்போது என்ன வேலை நடந்தது, யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டே வா” என்றார். இவ்வளவுதானா என்று எனக்குச் சிறிது ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆயினும் எழுதினேன்.

எட்டு நாட்களில் பதினொரு தடவை எக்ஸ்பி விழுந்தது. நோட்டைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. தட்டச்சு செய்யும்போது ஒரு தடவைகூட விழவில்லை. பதினொரு தடவையும், முடிந்த பக்கத்தை நெட்வொர்க் வழியாக முன்னறைக் கணிப்பொறிக்கு அனுப்பும் வேளையில்தான் விழுந்திருந்தது. அந்தக் கணிப்பொறியோடுதான் டிரேசிங் தாளில் அச்சிடும் லேசர் பிரிண்டர் இணைந்திருக்கிறது. அதிலும் மூன்று தடவை, அக்கா தம் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று விடுப்பில் இருந்த நாளில்! அன்று கணிப்பொறியின் முன் உட்கார்ந்திருந்தவர் என் அப்பா.

அடுத்து மாமா சொன்னது இது: “எக்ஸ்பி விழும்போது ஏதோ சொல்லிவிட்டுத்தான் விழும். நீங்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.” எக்ஸ்பியில் ‘தானாக மறுபடி தொடங்கு’ என்ற கட்டளை முதலிலிருந்தே இடப்பட்டிருக்கிறது. அதனால் நீலத்திரை கண் இமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். சிஸ்டம் பண்புகளில் ‘அட்வான்ஸ்டு’ என்ற பகுதிக்குச் சென்று அந்த அடையாளத்தை நீக்கினேன். அடுத்த முறை விழுந்தபோது நீலத்திரை அப்படியே நின்றது. ‘டிரைவர் ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்று ஒரு வரி. ‘டி1’ என்று முடியும் ஓர் எண். அதன் கீழே ஒரு கோப்பின் பெயர். அந்தப் பெயர் எக்ஸ்பியின் நெட்வொர்க் அட்டைக்குரிய டிரைவரின் பெயர்.

டிரைவர் என்றதும் பேருந்து ஓட்டுநரை எண்ணிவிடாதீர்கள். கணிப்பொறியில் டிரைவர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர். இயக்க அமைப்பு பேசுவது ஒரு மொழி. அட்டை பேசுவது வேறொரு மொழி. இரண்டுக்கும் நடுவே நிற்பது டிரைவர். மற்ற மென்பொருள்கள் பிழை செய்தால் அவை மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவரோ ‘கெர்னல்’ எனப்படும் உள்ளறை வரை போய் வர உரிமை பெற்றது. அங்கே அது தவறு செய்தால் வீடே இடிந்து விழும்.

அந்த நீலத்திரை வரியின் பொருளையும் மாமா விளக்கினார். நினைவகம் போதாதபோது எக்ஸ்பி, அப்போதைக்குத் தேவைப்படாத சிலவற்றை வட்டுக்கு அனுப்பிவிடும். வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் நெட்வொர்க் அட்டையிலிருந்து ‘அவசரம்’ என்று அழைப்பு வந்து, டிரைவர் அதைக் கவனிக்கும் அந்த நொடியில் வட்டிலிருந்து எதையும் எடுத்துவர இயலாது. ஆகவே அவசர வேளையில் தேவைப்படுபவற்றை நினைவகத்திலேயே நிறுத்தி வைத்துக்கொள்வது டிரைவரை எழுதியவரின் கடமை. எங்கள் டிரைவர் அக்கடமையில் தவறியிருந்தது. வட்டுக்குப் போய்விட்ட ஒன்றை அவசர வேளையில் தொட்டது. மேற்கொண்டு சேதம் வராமல் இருக்க, எக்ஸ்பி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. சிறிய கோப்புகள் தப்பிப் போனதும் இதனால்தான். மணமக்கள் படம் போட்ட பெரிய அழைப்பிதழைத் திறந்தால் நினைவகம் நிறைந்துவிடும். அதை அனுப்பும்போது ஆபத்தும் வந்துவிடும்.

இத்துடன் முடிந்துவிட்டது என்று நான் துள்ளினேன். மாமாவோ, “திரையில் பெயர் வந்துவிட்டதால் மட்டும் குற்றவாளி ஆகிவிடாது. பிணத்தின் பக்கத்தில் நிற்பவன் எல்லாம் கொலைகாரனா? சோதித்துப் பார்” என்றார். விழும்போதெல்லாம் எக்ஸ்பி ‘மினிடம்ப்’ என்ற உறையில் ஒரு சிறு குறிப்பு எழுதி வைக்கிறது. அக்குறிப்புகளை அவருக்கு அனுப்பினேன். சிலவற்றில் அந்த டிரைவரின் பெயர் இருந்தது. இரண்டில் விண்டோஸின் சொந்த நெட்வொர்க் பகுதியின் பெயரே இருந்தது. அதுவும் டிரைவர் கொடுத்ததைக் கையில் வாங்கிய பாவத்துக்காக மாட்டிக்கொண்டதுதான் என்று மாமா சொன்னபோது, எனக்கு உடனே அச்சக அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் விர்ச்சுவல்பாக்ஸில் ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்துக்கொண்டேன். கெட்டுப் போனால் பழைய நிலைக்கே திரும்பி வந்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது மாமாவின் கண்டிப்பான கட்டளை.

முதல் சோதனை: விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் ‘கேபிள் இணைக்கப்பட்டுள்ளது’ என்ற அடையாளத்தை நீக்கி, நெட்வொர்க் இல்லாமல் இரண்டு நாட்கள் வேலை செய்தார்கள். முடிந்த பக்கங்களைப் ‘பகிர்வு உறை’ வழியாக வெளியே எடுத்தோம். இவ்வழி அந்த நெட்வொர்க் அட்டையைத் தொடாமலே செல்கிறது. எக்ஸ்பி ஒரு தடவைகூட விழவில்லை.

இரண்டாவது சோதனை: மறுபடியும் கேபிளை இணைத்து, முதல் நாள் பகிர்வு உறை வழியாகச் சுகமாகச் சென்ற அதே பெரிய கோப்பை நெட்வொர்க் வழியாக அனுப்பினேன். பாதியில் நீலத்திரை. ஆகவே கோப்பிலும் குற்றமில்லை, பேஜ்மேக்கரிலும் குற்றமில்லை.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிக முக்கியமானது. தொழில்நுட்பக்காரர் எக்ஸ்பியை அமைத்துக் கொடுத்த அன்றே அதன் பிரதி ஒன்றையும் எடுத்து வைத்திருந்தார். யாருடைய பென் டிரைவும் அதைத் தொட்டதில்லை. அக்காவின் விரலும் பட்டதில்லை. அந்தப் பிரதியை ஓடவிட்டு அதே கோப்பை அனுப்பினேன். அதுவும் விழுந்தது! வைரஸ் என்ற பேச்சு அன்றோடு ஒழிந்தது.

இடையிலே ஒரு சிறு ஏமாற்றமும் நேர இருந்தது. எக்ஸ்பிக்கு ஒதுக்கிய நினைவகத்தை 512 மெகாபைட்டிலிருந்து 1024 ஆக உயர்த்திப் பார்த்தோம். விழுவது வெகுவாகக் குறைந்தது. “சரியாகிவிட்டது, விட்டுவிடலாம்” என்று அப்பா சொன்னார். மாமா சம்மதிக்கவில்லை. வட்டுக்குப் போகும் வாய்ப்புக் குறைந்ததே தவிர, டிரைவரின் குற்றம் அப்படியேதான் இருக்கிறது என்றார். அவர் சொன்னபடியே நான்காம் நாள் மீண்டும் விழுந்தது. காய்ச்சல் மாத்திரை சூட்டைத் தணிக்கும், நோயைத் தீர்த்ததாகாது.

தீர்வு மிகவும் எளியதாக இருந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் பல மாதிரி நெட்வொர்க் அட்டைகளாக வேடம் போட வல்லது. தொழில்நுட்பக்காரர் வேகம் கருதித் தேர்ந்தெடுத்திருந்த மாதிரிக்கு எக்ஸ்பியில் டிரைவர் கிடையாது. ஆகவே எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து பதித்திருக்கிறார். ‘பிசிநெட் ஃபாஸ்ட் 3’ என்ற பழைய மாதிரிக்கோ எக்ஸ்பி தன்னிடமே டிரைவர் வைத்திருக்கிறது. கணிப்பொறியை முறையாக அணைத்து, அட்டையின் வகையைப் பிசிநெட்டுக்கு மாற்றி, பழைய டிரைவரை நீக்கினோம். நினைவகத்தையும் மறுபடி 512 ஆகக் குறைத்து, வேண்டுமென்றே பெரிய கோப்புகளாகப் பொறுக்கி ஐம்பது தடவை அனுப்பினேன். ஒரு தடவைகூட விழவில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 ஆம் நாளோடு முடிந்துவிட்டபடியால், அது இணையத்துக்குப் போகாமலிருக்க, வெளிவாசலாகிய ‘கேட்வே’ முகவரியையும் வெறுமையாக விட்டோம். வைகாசி அழைப்பிதழ்கள் அனைத்தும் நேரத்துக்குச் சென்றன.

நோட்டை அப்பாவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றுகொண்டே படித்தார். பிறகு அச்சகத்துக்குள் சென்று, மெஷினை நிறுத்தச் சொல்லி, எல்லோர் காதிலும் விழும்படி, “உன்மேல் ஒரு தப்பும் இல்லையம்மா. நான்தான் விசாரிக்காமல் பேசிவிட்டேன்” என்றார். அக்கா பதில் ஒன்றும் சொல்லவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு தட்டச்சைத் தொடர்ந்தார். மறுநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் எங்கள் திண்ணைக்கு வந்தார். “நாலு பேர் நடுவில் பழி சொன்னால், அதே நாலு பேர் நடுவில்தான் அதைத் திருப்பி எடுக்க வேண்டும்” என்று அம்மா என்னிடம் சொன்னார்.

தோழியரே, இது எங்கள் சிறிய அச்சகத்துக்கு மட்டும் வந்த துன்பம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போது பதிவான செயலிழப்புகளில் 85 விழுக்காட்டுக்கு டிரைவர்களே காரணம் என்று குறிப்பிட்டனர். 2011 இல் வெளியான விஎம்வேரின் ‘இஎஸ்எக்ஸ்ஐ 5’ வரிசையில், மெய்நிகர் கணிப்பொறிக்கு ‘இ1000’ என்ற பாவனை அட்டையை வைத்திருந்தால், சில வேளைகளில் அந்த அட்டைக்குரிய பகுதியிலுள்ள பிழையால் குடியிருப்பவர் மட்டுமல்ல, வீட்டுக்காரரான பெரிய சர்வரே ஊதாத்திரை காட்டி விழுந்தது. ‘விஎம்எக்ஸ்நெட்3’ என்ற வேறு அட்டைக்கு மாறுங்கள் என்பதே அந்நிறுவனம் சொன்ன மாற்று வழி. எங்கள் வைத்தியமும் அதுதானே!

2024 ஜூலை 19 ஆம் நாளை உங்களுக்கு நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றைப் படித்து, கெர்னலுக்குள் இருந்த அதன் டிரைவர் தடுமாறியது. உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். உள்ளறை வரை செல்லும் உரிமை பெற்றவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இந்நிகழ்ச்சியால் நான் கற்ற பாடங்கள் சில. பழுதைக் கண்டதும் கை வைக்காமல் முதலில் எழுதி வைக்க வேண்டும். விழுகிற பொருள் சொல்லும் கடைசி வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். குறைந்துவிட்டதைத் தீர்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது. இவை கணிப்பொறிக்குச் சொன்னவைதாம். ஆனால் வகுப்பில் ஒருத்தியின் பேனா காணாமல் போனாலும், விடுதியில் ஒரு கண்ணாடி உடைந்தாலும் இவையே பொருந்தும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவது எளிது. கணிப்பொறி அணைந்தால் மறுபடி தொடங்கிவிடலாம். பழிச்சொல் பட்ட மனத்துக்கு அத்தகைய பொத்தான் கிடையாது. ஆகவே தோழியரே, விரலை நீட்டுவதற்கு முன்னர் நாம் ஒரு நோட்டை எடுப்போமாக!